பலகையின் வலது ஓரம்

வேளாண் விரிவாக்கப் பயிற்சி நிலையம் ஒன்றில் இப்போது பொறுப்பில் இருக்கும் என் பழைய மாணவர், புதிய பயிற்சியாளர்களுக்கான கையேட்டில் சேர்ப்பதற்காக நான்கு பக்கம் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘எதிர்மறைப் பங்கேற்பாளரைக் கையாளும் முறைகள்.’ கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டே இருந்தால் பயிற்சியாளர் நிலைகுலையாமல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுமாம். “இதில் ஐயாவை மிஞ்ச ஆளில்லை என்று துறையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்” என்று கடிதத்தின் இறுதியில் ஒரு வரி.

பேசிக்கொள்வது உண்மையாக இருக்கலாம். அந்தப் பெயர் எனக்கு ஒரே ஒரு கூட்டத்தில் கிடைத்தது. அதைக் கிடைக்கச் செய்தவர் கலியபெருமாள் என்ற விவசாயத் தொழிலாளி. மாணவரின் கடிதம் வந்த அதே வாரத்தில் கலியபெருமாள் இறந்துபோன செய்தியும் வந்தது. மன்னார்குடிக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரிலிருந்து, எனக்கு முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். நான் போகவில்லை. என்ன உறவு என்று அங்கே யாரேனும் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் சொல் இல்லை.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் வேளாண்மையில் முதுகலை முடித்தேன். ஓராண்டு விரிவாக்கப் பயிற்சி. பிறகு தஞ்சை மாவட்டத்தில் பணி. திராவிட இயக்கத்தின் ஆட்சி புதிதாக அமைந்திருந்த காலம். அலுவலகச் சுவர்களில் படங்கள் மாறின. நமஸ்காரம் சொல்லி வந்த எழுத்தர்கள் வணக்கம் சொல்லப் பழகினார்கள். வயலில் மட்டும் பழைய கணக்கே இருந்தது. கூலிக்காகவும் குத்தகைக்காகவும் ஊர் ஊராகத் தகராறு. தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம், மிராசுதாரர்களுக்கு ஒரு சங்கம். அதே வேளையில் நாட்டில் அரிசிப் பஞ்சம். குட்டை ரக நெல்லையும் உரத்தையும் பூச்சி மருந்தையும் எப்படியாவது ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. மருந்து அடிப்பவர்கள் தொழிலாளர்களே ஆதலால் அவர்களையும் மிராசுதாரர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து இரண்டு நாள் முகாம் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதியவர் எந்த ஊரையும் மனத்தில் கொண்டு எழுதியிருக்க மாட்டார்.

கூட்டம் நடத்தும் கலையை எனக்குக் கற்பித்தவர் என் மேலதிகாரி சிவசங்கரன். வகுப்புக்கு அரை மணி முன்னதாக வந்து, கரும்பலகையை ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துக் காயவிடுவார். சாக்குக்கட்டியை இரண்டாக ஒடித்து, ஒடித்த முனையால் எழுதுவார். கீச்சென்ற ஒலி எழாது. முதல் வரிசையில் இருப்பவரின் பெயரையும் கதவோரம் நிற்பவரின் பெயரையும் ஒரே மரியாதையுடன் உச்சரிப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

எந்தக் கூட்டத்திலும் மறுப்பவர் ஒருவர் இருப்பார் என்பதை அவர் இயற்கை விதிபோல எடுத்துக்கொண்டிருந்தார். மறுப்பவரோடு ஒருநாளும் வாதிடமாட்டார். பலகையின் வலப்புறத்தில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, இரண்டு சாண் அகலத்துக்கு இடம் ஒதுக்கியிருப்பார். யாரேனும் குறுக்கே கேட்டால் ஒரு கணம் நின்று, “நல்ல கேள்வி. உங்க பேரு?” என்பார். பெயரையும் கேள்வியின் சாரமான ஓரிரு சொற்களையும் அந்த ஓரத்தில் அழகாக எழுதுவார். “இது இங்கயே இருக்கட்டும். முடிக்கிறப்போ எடுத்துக்குவோம்.”

தன் பெயர் அதிகாரியின் கையெழுத்தில் பலகையில் ஏறியதைப் பார்த்ததும் எவ்வளவு சினந்தவரும் உட்கார்ந்துவிடுவார். முடிக்கும்போது நேரம் இருக்காது. பேருந்துக்கு நாழியாகியிருக்கும், பண்ணையார் வீட்டில் இலை போட்டிருப்பார்கள். பலகை துடைக்கப்படும். நாங்கள் துறைக்கு அனுப்பும் அறிக்கையில் பலகையின் இடப்புறத்தில் எழுதியவை மட்டுமே இடம்பெறும். வலது ஓரத்தை அறிக்கையில் சேர்க்கும் வழக்கமே கிடையாது. சிவசங்கரன் வஞ்சகர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கேள்வி கேட்பவனுக்குப் பதிலைவிட மரியாதையே முக்கியம் என்று அவர் உள்ளபடியே நம்பினார். நானும் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் அந்த முறையில் ஒரு படி சேர்த்தேன்: மறுப்பவருக்கு ஒரு வேலை கொடுப்பது. குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுக்கச் சொல்லலாம், அளவு பார்க்கச் சொல்லலாம், செய்து காட்டச் சொல்லலாம். கை ஒரு வேலையில் இறங்கிவிட்டால் வாய் அதற்கு எதிராகப் பேசாது என்பது என் கண்டுபிடிப்பு.

அந்த ஊர் முகாம் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் நடந்தது. ஐப்பசி முதல் வாரம். நாற்காலி வேண்டாம், எல்லாரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரலாம் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். மிராசுதாரர்கள் வந்தார்கள், ஜமுக்காளத்தைப் பார்த்தார்கள், சுவரோரம் அடுக்கியிருந்த உர மூட்டைகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தெற்குத் தெருத் தொழிலாளர்கள் கதவை ஒட்டி நின்றார்கள். நடுவே ஜமுக்காளம் வெறுமையாகக் கிடந்தது. கலியபெருமாள் மட்டும் வந்து அதன் மையத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் எழுதி அச்சிட்ட துண்டறிக்கையை வாயசைத்துக்கொண்டே முழுவதும் படித்தார்.

மருந்தின் பெயரையும் அளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் முதல் கேள்வி வந்தது.

“இந்த மருந்த அடிச்சா பூச்சி மட்டுந்தான் சாவுமா சார்? வயல்ல நண்டு, மீனு, நத்தை எல்லாம் கெடக்கு. அதான் எங்களுக்குக் கொழம்பு.”

உர மூட்டைகளின் மேலிருந்து ஊரின் பெரிய மிராசுதாரர் வேதாசலம் சிரித்தார். “ஏண்டா கலியபெருமாளு, பூச்சியும் உங்க சங்கத்துல சேந்துடுச்சா? அதுக்கும் சேத்துப் பேச வந்துட்ட?”

“சேந்தா அதுவும் கூலி கேக்குமுங்க. அதான் ஐயா முந்திக்கிட்டு மருந்து வாங்குறீங்க.”

கதவோரம் சிரிப்பு வெடித்தது. வேதாசலத்தின் முகம் இறுகியது. நான் சாக்குக்கட்டியை ஒடித்தேன். “நல்ல கேள்வி” என்றேன். வலது ஓரத்தில் ‘கலியபெருமாள் – நண்டு, மீன்’ என்று எழுதினேன். அவர் தம் பெயரையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் மருந்துக் கலம் காட்டினேன். முதுகில் மாட்டிக்கொள்வது, இடது கையால் அடித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். கலியபெருமாள் எழுந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் நெருடினார்.

“இது ஒழுவும் சார். ஒழுவுனா முதுவுல எறங்கும்.”

அதையும் எழுதினேன்.

பிறகு துண்டறிக்கையின் கடைசிப் பத்திக்கு வந்தோம். ‘மருந்து தெளித்தபின் கை, கால், முகம் ஆகியவற்றைத் தூய நீரில் சோப்பிட்டு நன்கு கழுவிய பின்னரே உணவு உட்கொள்ள வேண்டும்.’ அந்த வாக்கியத்தைப் பிழையின்றி அமைத்ததில் எனக்குச் சிறிது பெருமை இருந்தது. கலியபெருமாள் அதை உரக்கப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் குரலில் அப்போது கேலி இல்லை.

“எங்கங்க கழுவுறது?”

“வாய்க்கால்ல கழுவலாமே.”

“மார்கழில வாய்க்கால்ல மொறத் தண்ணிங்க. எட்டு நாளு எங்களுக்கு, எட்டு நாளு அந்தண்டைக் கரைக்கு. நம்ம மொற இல்லாதப்ப வாய்க்கால்ல காக்கா குளிக்கத் தண்ணி இருக்காது. ஊர்க்கொளத்துல எங்க ஆளு கால வைக்க முடியாது. மேலத்தெரு பம்புல கைய வைக்க முடியாது. தெற்குத் தெருவுக்கு ஒரு மைல் நடக்கணும். அங்க இருக்குற கெணத்துலயும் அந்த மாசம் சேறுதான். வயல்ல நிக்கிற தண்ணில கழுவலாம்னா, அதுலதான் மருந்து கெடக்கு.” துண்டறிக்கையை மடித்தார். “சோப்பு கெடக்கட்டும் சார். தண்ணி எங்க?”

தண்ணீரைப் பற்றிய இந்தப் பேச்சு மருந்தை விட்டு வேறெங்கோ போகிறது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்தது. ஒருவர் மூட்டையிலிருந்து இறங்கி வெளியே போனார். முகாம் கலைந்துவிடும் என்று அஞ்சினேன். ‘கழுவ நீர்’ என்று ஓரத்தில் எழுதி, “இது முக்கியமான விஷயம். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக எடுத்துக்கொள்வோம்” என்றேன்.

மற்றக் கேள்விகளைப்போல இதை நான் விட்டுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதல்களில் அதுவும் ஒன்று. அன்று மாலை வேதாசலத்தைத் தனியே பார்த்தேன். அவருடைய வயலின் தலைமாட்டில் மோட்டார் கொட்டகை இருந்தது. மருந்து அடிப்பவர்கள் அங்கே கை கழுவிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன்.

“அதுக்கென்ன சார், தாராளமா கழுவட்டும். தண்ணி என்ன தீந்தா போவப்போவுது?”

மறுநாள் காலையில் கூட்டத்தின் நடுவிலும் அதையே சொன்னார். நான் கைதட்டினேன், மற்றவர்களும் தட்டினார்கள். கலியபெருமாள் தட்டவில்லை.

“ஐயா பெரிய மனசு பண்ணி இங்க சொல்றாரு. கொட்டகைச் சாவி யாருகிட்ட இருக்கும்?”

“சாவிய ஒன் கையில குடுக்கணுமா? பட்டாவையும் சேத்து எழுதித் தந்துடவா?” என்றார் வேதாசலம். மூட்டைகளின் மேல் சிரிப்பு.

“சாவி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

“நீங்க நாளைக்குத் தஞ்சாவூரு போயிடுவீங்க சார்.”

அதற்கு மேல் அவரைப் பேசவிடக் கூடாது என்று தோன்றியது. ‘சாவி’ என்று ஓரத்தில் எழுதினேன். எழுதிவிட்டு, அவரிடம் திரும்பி, “கலியபெருமாள், இந்தக் கூட்டத்திலேயே துண்டறிக்கையை முழுசாப் படிச்சவர் நீங்கதான். கலத்துல எங்க ஒழுகும்னு சொன்னவரும் நீங்கதான். வயலில் செய்து காட்டுறதை நீங்களே செய்யுங்க. நீங்க செய்தா எல்லாரும் கத்துக்குவாங்க” என்றேன்.

அவர் தயங்கினார். கதவோரத்திலிருந்து அவருடைய தம்பி மாரிமுத்து, “போண்ணே, சார் கேக்குறாருல்ல” என்றான். மாரிமுத்துவுக்கு இருபத்தைந்து வயது. தை மாதம்தான் திருமணம் ஆகியிருந்தது.

கலத்தில் வெறும் தண்ணீர்தான் நிரப்பியிருந்தோம். மாரிமுத்து பின்னால் நின்று பட்டைகளை இழுத்துக் கட்டிவிட்டான். துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி, துண்டறிக்கையில் உள்ளவாறே அடிமேல் அடி வைத்துக் கலியபெருமாள் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினார். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“மாப்புள்ள ஊர்வலம் வருதுடி!” என்று ஒருத்தி கத்தினாள்.

“மாலைய முதுவுல மாட்டிக்கிட்டு வர்றாரு பாரு!”

அந்த இரண்டு நாள்களில் அவர் சிரித்தது அப்போது மட்டுமே. துணிக்கு மேலே கண்கள் சிரித்தன. மிகச் செம்மையாகச் செய்தார். நான் பார்த்த செய்முறை விளக்கங்களில் அதுவே சிறந்தது. மருந்தடிக்கும் வேலைக்கு ஆள் கேட்டபோது, அதுவரை தயங்கி நின்றவர்களில் எட்டுப் பேர் முன்வந்தார்கள். முதல் ஆள் மாரிமுத்து. “அண்ணனே செஞ்சுட்டாரு, அப்பறம் என்ன” என்றான்.

அன்று பலகையைத் துடைத்தது நான்தான்.

அறிக்கையில், ‘முகாமின் தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தவரே நிறைவில் செய்முறை விளக்கம் அளித்துப் பிறரை ஊக்குவித்தார்’ என்று எழுதினேன். சிவசங்கரன் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து எங்கே கூட்டம் கலவரமாகும் என்று அஞ்சினாலும் என்னை அனுப்பினார்கள். சாவியைப் பற்றி நான் வேதாசலத்திடம் மீண்டும் கேட்கவில்லை. வேலை மிகுதி என்று சொல்லலாம். வேலை மிகுதியாகத்தான் இருந்தது.

மார்கழியில் சம்பாப் பயிரில் புகையான் கண்டது. தூரில் சாறு உறிஞ்சிக் கதிரையே கருக்கிவிடும் பூச்சி அது. அதே வேளையில் அறுவடைக் கூலியைப் பற்றிய தகராறும் முற்றியது. மிராசுதாரர்கள் மோட்டார் கொட்டகைகளைப் பூட்டினார்கள். தொழிலாளர்கள் அறுக்க வரமாட்டோம் என்றார்கள். ஆனால் மருந்தடிப்பதைச் சங்கம் தடுக்கவில்லை. தடுக்க வேண்டாம் என்று சொன்னவர் கலியபெருமாளே. “பயிரு போயிட்டா அப்பறம் எதுக்குக் கூலி பேசுறது? நீ போயி அடிடா” என்று தம்பியை அனுப்பியிருக்கிறார். பின்னர் அவர் வாயாலேயே கேட்டேன்.

அன்று நடந்ததை விசாரணையின்போது நேரம் வாரியாகக் குறித்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு மாரிமுத்து வேதாசலத்தின் வயலில் இறங்கினான். வாய்க்காலில் மறுகரையின் முறை. சொட்டு நீர் இல்லை. நண்பகலில் கஞ்சி குடிக்கக் கரையேறினான். சட்டையின் முதுகு முழுதும் நனைந்திருந்தது. மோட்டார் கொட்டகை பூட்டியிருந்ததால் வேதாசலத்தின் வீட்டுக் கொல்லைப்புறம் போய்க் கேட்டிருக்கிறான். ஐயா மன்னார்குடிக்குப் போயிருக்கிறார், சாவி அவரோடு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் திரும்பி வந்து, வைக்கோலாலும் ஈர மண்ணாலும் கைகளைத் துடைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தான். மறுபடி இறங்கினான்.

மன்னார்குடி தாலுகா அலுவலகத்தில் அன்று கூலிப் பேச்சுவார்த்தை. நீண்ட மேசையின் ஒருபுறம் மிராசுதாரர்கள், மறுபுறம் சங்கத்தார், நடுவில் வட்டாட்சியர். வேதாசலம் இருந்தார், சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது. எதிரே கலியபெருமாள் இருந்தார். இருவருமாகக் காலையிலிருந்து மாலை வரை, ஒரு மரக்கால் நெல் கூட்டுவதா குறைப்பதா என்று ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு மாரிமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஒழுகியது. கண்மணிகள் ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்தன என்று மருத்துவர் பின்னர் குறித்திருந்தார். வண்டியில் போட்டுச் சாலைக்குக் கொண்டுவந்து, பேருந்தை மறித்து ஏற்றி, மன்னார்குடி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். பேச்சுவார்த்தை முடியாமல் வெளியே வந்த கலியபெருமாளிடம் தேநீர்க் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது மாரிமுத்து இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் நானும் மூன்றாம் நாள் சிவசங்கரனும் அந்த ஊருக்குப் போனோம். துறைக்கு அறிக்கை தர வேண்டும். அதே கூட்டுறவுக் கிடங்கில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். சிவசங்கரன் வரைவைத் தம் கையாலேயே எழுதினார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க நான் துணியவில்லை. அறிக்கை நான்கு வாக்கியங்களில் முடிந்தது. பயிற்சி முறையாக அளிக்கப்பட்டது. பாதுகாப்பு அறிவுரைகள் அச்சிட்டு வழங்கப்பட்டன. இறந்தவரின் தமையனாரே செய்முறை விளக்கம் அளித்தவர். கை கழுவாமல் உணவு உட்கொண்டதன் வாயிலாக இறந்தவர் அறிவுரையைக் கடைப்பிடிக்கத் தவறினார்.

நான்கும் உண்மை. பிழையாக ஒரு சொல்கூட அதில் இல்லை.

சாட்சிக் கையொப்பத்துக்காகக் கலியபெருமாளை அழைத்தோம். மொட்டை அடித்திருந்தார். சிவசங்கரன் எழுந்து நின்று, “உட்காருங்க, கலியபெருமாள்” என்றார். அவர் உட்காரவில்லை. அறிக்கையை வாங்கி, முன்போலவே வாயசைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“எல்லாம் சரிதாங்க. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு.”

“என்னது?”

“தண்ணி எங்கன்னு நான் கேட்டேன். சாவி யாருகிட்டன்னும் கேட்டேன். இந்த சாரு பலவையில எழுதுனாரு. நான் கேட்டேன்னு மட்டும் ஒரு வரி எழுதிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

சிவசங்கரன் என்னைப் பார்த்தார்.

அந்த வரியை எழுதினால் என்ன ஆகும் என்பது அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். கேள்வி கேட்கப்பட்டது என்றால் அதற்கு என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். கொட்டகை, சாவி, குளம், மேலத்தெருவின் பம்பு என்று ஒவ்வொன்றாக வரும். கூலித் தகராறு கனன்றுகொண்டிருந்த ஊர் அது. அக்கம் பக்கத்தில் அப்போது குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. முகாம் திட்டமே நிறுத்தப்படலாம். நானும் நிறுத்தப்படலாம். இவற்றை எண்ணிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

“பலகையில் எழுதுவதை அறிக்கையில் சேர்க்கும் வழக்கம் இல்லை, கலியபெருமாள்” என்றேன்.

“வழக்கம் இல்லீங்களா?”

“இல்லை.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இத்தனை ஆண்டுகளில் மறந்திருக்கக்கூடும். தமக்கு முன்பே தெரிந்திருந்த ஒன்றைச் சரிபார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு குனிந்து கையொப்பமிட்டார். தம் பெயரை முழுவதுமாக, எழுத்தெழுத்தாக எழுதினார். வெளியே போகும்போது வாசற்படியில் நின்று, “எங்க அம்மா கேக்குறாங்க சார். நீதானடா அத மாட்டிக்கிட்டுக் காட்டுன, அவன் ஒன்னப் பாத்துத்தானடா போனான்னு கேக்குறாங்க. அதுக்கு என்ன சொல்லணும்னு ஏதாச்சும் வழக்கம் இருக்குங்களா?” என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

அந்த அறிக்கையைக் காட்டி மாரிமுத்துவின் மனைவியின் நிவாரண மனு தள்ளுபடி செய்யப்பட்டது. இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று உத்தரவில் இருந்தது. மாரிமுத்து கவனக்குறைவானவன் அல்லன். தண்ணீர் கேட்டு ஒரு கொல்லைப்புறத்தில் போய் நின்றவன். அதுவும் அறிக்கையில் இல்லை.

திரும்பும் வழியில், ஜீப் வெண்ணாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, சிவசங்கரன் ஒன்று சொன்னார்: “அந்த ஓரத்துல இருக்கறதுக்கெல்லாம் நம்மகிட்ட பதில் இருந்திருந்தா அத ஓரத்துல ஏன் எழுதப்போறோம்?” அவரும் இப்போது உயிரோடு இல்லை. அவர்மீது எனக்குக் குறையில்லை. அந்த அரை நிமிடத்தில் என்னைப் பார்த்தாரே தவிர, எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. நான் எழுதியிருந்தால் கீழே தாமும் கையொப்பமிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இதற்குப் பிறகு நான் மனம் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. ஓய்வு பெறும்வரை அதே முறையை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கற்பித்தேன். அது பயன்பட்டது; கூட்டங்கள் அமைதியாக முடிந்தன. என் மாணவருக்கு அதில் ஐயம் வேண்டாம். மறுப்பவரின் பெயரைக் கேளுங்கள். கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். உறுதியாகக் கட்டுப்படுவார். கையேட்டில் இவற்றைச் சேர்ப்பதானால், மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிடங்கில், கலியபெருமாள் என்பவர் தண்ணீர் எங்கே என்று கேட்டார், சாவி யாரிடம் என்று கேட்டார் என்ற செய்தியையும் அச்சிட வேண்டும். அச்சிட இயலாதென்றால் மற்றவையும் வேண்டாம்.

அடுத்த ஆண்டும் அந்த ஊரில் முகாம் நடத்த எனக்கே உத்தரவு வந்தது. குறுவைக்கான முகாம். பழைய பங்கேற்பாளர்கள் அனைவரும் வர வேண்டும் என்று பட்டியல் அனுப்பியிருந்தார்கள். கலியபெருமாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். சென்ற முறை உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் கதவோரத்தில், மற்றவர்களோடு நின்றார். மருந்தின் பெயரைச் சொன்னேன், அளவைச் சொன்னேன். அவர் பக்கம் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேதாசலம்கூட ஒருமுறை திரும்பி, “என்னடா, இன்னிக்கு ஒண்ணும் கேக்கலியா?” என்றார்.

“இல்லீங்க.”

கலத்தைக் காட்டினேன். புதிய கலம், மூடியில் அதே ரப்பர் வளையம். துண்டறிக்கையின் கடைசிப் பத்தியை நானே படித்தேன். தூய நீரில், சோப்பிட்டு, நன்கு கழுவிய பின்னரே. படித்துவிட்டு நிறுத்தினேன். வேண்டுமென்றே நெடுநேரம் நிறுத்தினேன். அவர் வாய் திறந்தால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே பேசத் தயாராக இருந்தேன்.

“கலியபெருமாள், இதில் உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?” என்றேன்.

“எல்லாம் சரிங்க ஐயா” என்றார்.

அதுவரை அவர் என்னை சார் என்றே அழைத்துவந்தார்; ஐயா என்று அழைத்தது வேதாசலத்தை. இரண்டு நாள் முகாம் ஒன்றரை நாளில் முடிந்தது.